நோயில்லாத குதிரைக்கு ஊசி போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கிறது. அப்பா கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையும் சாரட் வண்டியும் வாடகைக்கு விட்டு வந்தார். போன சித்திரையில் தவறிவிட்டார். மூன்று குதிரைகள் இருக்கின்றன. வெள்ளைப் பெட்டைக்கு 21 வயது. காயடித்த செவலைக்கு 12. கறுப்பு ஆண் குதிரைக்கு 8. இந்தக் கறுப்பு கடிக்கிறது, உதைக்கிறது. போன வருடம் ஒரு பையனுக்குத் தோள் எலும்பே முறிந்தது. அதற்குக் கண்ணுக்குக் கீழே சுழி இருப்பதால் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். மற்றபடி மூன்றுக்கும் ஒரு நோயும் இல்லை. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். தங்கைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். இடத்தை விற்கிறோம், தை மாதம் பத்திரம். அப்பாவோடு இருந்த பெரியவர் ஒருவர்தான் இன்னும் வந்து தீவனம் போட்டுத் தண்ணி காட்டிவிட்டுப் போகிறார். ஒரு புரோக்கர் மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார். எங்கே கொண்டுபோவார் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். "யார் யார் கையிலோ சீரழிவதைவிட டாக்டரை வைத்து ஊசி போட்டுவிடலாம், வேறு வழியில்லை" என்கிறாள் தங்கை. "நமக்குச் சோறு போட்ட சீவனைக் கொல்றது பாவம்" என்று அம்மா அழுகிறார். எது சரி?

பதில்: அன்புள்ள தம்பி, முதல் வேலையாக அந்தப் புரோக்கரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கடிக்கிற குதிரையையும் 21 வயதுக் கிழட்டுக் குதிரையையும் சேர்த்து ஒரே விலைக்குக் கேட்கிறவர், வளர்ப்பதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது செவலை. அது நல்ல விலைக்குப் போகும். மற்ற இரண்டும் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் விலை இறங்கி, கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆகிவிடும். கொடைக்கானல், ஊட்டி மாதிரி ஊர்களில் சவாரிக்கு ஆகாமல் போன குதிரைகள் குப்பைத் தொட்டியைச் சுற்றித் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். எச்சில் சோற்றைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து விழுங்கிவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. குடல் அடைத்துக்கொண்டால் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைப் பறிக்கும், விழுந்து உருளும், வேர்த்துக் கொட்டும். இப்படியே மணிக்கணக்கில், சில சமயம் ஒரு பகல் ஒரு ராத்திரி போகும். ராத்திரியில் நாலுவழிச் சாலையில் லாரி வெளிச்சத்துக்கு முன்னால் நின்றுவிடுகிற குதிரையின் கதை வேறு.

கால்நடை டாக்டராக இதையெல்லாம் பார்த்தவன் என்பதால் உங்கள் தங்கையை நான் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல மாட்டேன். சொந்த லாயத்தில், பழகின ஆள் கயிற்றைப் பிடித்திருக்க, வலி தெரியாமல் போவது ஒரு குதிரைக்கு வரக்கூடிய மோசமான முடிவு இல்லை. அதைவிட மோசமானவை எத்தனையோ. ஆனால் அவரோடு நான் ஒத்துப்போவது இதுவரைக்கும்தான். 'வேறு வழியில்லை' என்பதை நான் ஏற்கவில்லை. விலை கிடைக்கவில்லை என்பதையும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் நீங்கள் ஒன்றாக்கி எழுதியிருக்கிறீர்கள். இடம் தேடுகிற வேலையை நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று எனக்குப் படுகிறது. அந்த வேலையை முழுதாகச் செய்து பார்த்தவருக்குத்தான் ஊசியைப் பற்றிக் கேட்க உரிமை வருகிறது என்பது என் கட்சி.

அம்மா சொல்லும் பாவ புண்ணியத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பிழைக்க வழியில்லாமல் வேதனையில் கிடந்தபோது, காந்தி டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் சொன்னார். நாடே கொந்தளித்தது. திட்டிக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சைக்காரர் பசுங்கன்றைக் கொன்றுவிட்டாரே என்று கேட்டவர்களுக்கு, அந்த நிலையில் அதுதான் அகிம்சை என்று அவர் பதில் எழுதினார். ஊசி என்றாலே பாவம் என்று சொல்கிறவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. ஆனால் கவனியுங்கள், அந்தக் கன்று துடித்துக்கொண்டிருந்தது, மருத்துவம் கைவிட்டிருந்தது. உங்கள் செவலை அப்படியா இருக்கிறது? காலையில் கொள்ளு வாளிச் சத்தம் கேட்டுக் கனைக்கிற குதிரை அது. காந்தியின் கன்றை உங்கள் லாயத்துக்கு அழைத்துவர முடியாது.

என் தொழிலிலேயே சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். குதிரைக்கு நாளை என்கிற நினைப்பு கிடையாது, சாவைப் பற்றிய பயமும் கிடையாது, வலியில்லாமல் போனால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பயம் இல்லை என்பது சரி. நஷ்டம் இல்லை என்பது எப்படிச் சரியாகும்? நல்ல குதிரை 25, 30 வருடம் இருக்கும். எட்டு வயதுக் குதிரையிடமிருந்து பறிபோவது பதினைந்து இருபது வருடத்துப் புல்லும் வெயிலும் துணையும். அதற்குத் தெரியாமல் எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். 21 வயதுக் குதிரைக்கு அந்தக் கணக்கு வேறு. அதனால் மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். மூன்றுக்கும் மூன்று பதில் உண்டு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, பசி தாகத்தில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுவிட்டுப் போவது குற்றம். கொடூரமான முறையில் கொல்வதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்கிற நிலையில் உள்ள பிராணியைக் கருணையோடு முடிக்க அதே சட்டம் 13ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. நோயில்லாத குதிரையை உரிமையாளர் சௌகரியத்துக்காக முடிக்கலாம் என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் பிராணிகளுக்கும் கண்ணியத்தோடு வாழும் உரிமை உண்டு என்று சொன்னது. 2023இல் ஜல்லிக்கட்டு நடத்த அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மதுரைக்காரர்களுக்கு இந்த இரண்டைப் பற்றியும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதனால்தான், நன்றாக இருக்கிற குதிரைக்குப் போட மாட்டேன் என்று ஒரு டாக்டர் கையை விரித்தால் அவரைக் கோபிக்காதீர்கள். மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

பார்வைக்கு நன்றாக இருக்கிற குதிரையையும் கொல்லச் சட்டமே சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. கிளாண்டர்ஸ் நோய். மனிதருக்கும் தொற்றும், குதிரைக்கு வைத்தியம் பார்த்துத் தீர்க்கவும் முடியாது. அரியானா ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பரிசோதனையில் உறுதியானால், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குதிரையை வலியில்லாமல் முடித்து ஆழமாகப் புதைக்க வேண்டும்; அரசு இழப்பீடு தரும். அங்கே ஊருக்கு வருகிற ஆபத்து காரணம். உங்கள் லாயத்தில் அப்படி ஒரு காரணமும் இல்லை, கறுப்பைத் தவிர. அதற்கு வருகிறேன்.

கொல்வதை ஒரேயடியாகத் தடுத்துவிட்டால் மட்டும் குதிரை பிழைத்துவிடாது. அமெரிக்காவில் 2007இல் கடைசிக் குதிரை வெட்டும் கூடங்களை மூடினார்கள். நல்ல எண்ணம்தான். அப்புறம் அதே குதிரைகளை லாரியில் ஏற்றி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோய் வெட்டினார்கள். முன்னே நடந்த கொடுமையோடு நெடும்பயணக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. அயர்லாந்தில் 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வேண்டாத குதிரைகள் வயல்வெளிகளில் கைவிடப்பட்டன. இங்கிலாந்தில் இன்று பெரிய குதிரை நல அமைப்புகளே, தனக்கு ஏதாவது ஆனால் தன் குதிரைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும்படி உரிமையாளர்களைக் கேட்கின்றன. நல்ல இடம் கிடைக்காத குதிரைக்கு ஊசியும் ஒரு பொறுப்பான முடிவுதான் என்கின்றன. அங்கே மேய்ச்சல் நிலம் உண்டு, காப்பகம் உண்டு, காத்திருக்கும் வரிசையும் உண்டு. அவ்வளவு இருக்கிற ஊரில் எல்லாம் முயன்றபின் சொல்கிற வார்த்தையை நாம் முதல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்தில் குதிரைக்கு என்றுமே ஆதரவு குறைச்சல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்துவிட்டுப் போன மார்க்கோ போலோ, இங்கே வருடாவருடம் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுக் குதிரைகளைக் கப்பலில் இறக்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் பசுவுக்குக் கோசாலை உண்டு, தெருநாய்க்குத் தெருவே சோறு போடும். குதிரைக்கு இரண்டும் இல்லை. அய்யனாருக்குப் புரவி எடுக்கிற ஊர்க்காரர்கள்தான் நாம். மண் குதிரைக்குக் கொள்ளு வேண்டாம், லாடம் வேண்டாம், அதனால் சிக்கல் இல்லை.

சரி, உங்கள் குதிரைகளுக்கு வருவோம்.

செவலையைப் பற்றிக் கவலை வேண்டாம். காயடித்தது, 12 வயது, கூட்டத்துக்கும் மேளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் பழகினது. சவாரி கற்றுத்தருகிற இடங்களில் இப்படிப்பட்ட குதிரைக்குத்தான் அலைகிறார்கள். விற்கலாம், ஆனால் நேரில் போய் லாயத்தைப் பாருங்கள். அங்கே இருக்கிற மற்ற குதிரைகளின் குளம்பைப் பாருங்கள், முதுகில் சேணப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல நற்சான்றிதழ் எதுவும் இல்லை. மறுபடி விற்பதாக இருந்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பது இருக்கட்டும், கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்று அதில் தெரிந்துவிடும். இந்தக் குதிரைக்கு ஊசி போட யார் கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன்.

கறுப்புதான் உண்மையான கேள்வி. சுழியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கண்ணீர் ஓடும் இடத்தில் முடி சுழித்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது குதிரைச் சந்தைகளில் காலங்காலமாக இருக்கிற பேச்சு. 'சுழி சுத்தம்' என்று சொன்னால்தான் விலையே பேச ஆரம்பிப்பார்கள். முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதற்காக ஒரு உயிர் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வேன். சுழி பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். சவாரி, விளையாட்டு என்று வைத்திருக்கிறவர்களில் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

கடியும் உதையும் நிஜமான பிரச்சினை. ஆனால் குதிரை காரணமில்லாமல் கெட்டுப்போவது அபூர்வம். ஒரு டாக்டரை வரவழைத்து, மயக்க மருந்து கொஞ்சம் கொடுத்து, வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய ஓரத்தில் கத்தி மாதிரி கூராகும். அது கன்னத்தின் உட்பக்கத்தைக் கிழித்துக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அரம் வைத்து ராவ வேண்டும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் முளைத்திருக்கும். கடிவாள இரும்பு அதில் இடிக்கும்போதெல்லாம் உயிர் போகும். நாக்கில், வாயோரத்தில் பழைய தழும்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஊர்வலக் குதிரைகளை அடக்க முள் வைத்த கடிவாளம் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் விதிகளே அதைத் தடுக்கின்றன. உங்கள் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தொழிலில் அப்படித்தான் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகினார்கள். ஆனால் வாயில் புண்ணோடு நிற்கிற குதிரையின் முகத்துக்கு நேராக யாராவது கையைக் கொண்டுபோனால் அது வேறு என்ன செய்யும்?

அடுத்தது, காயடிப்பது. எட்டு வயதிலும் செய்யலாம். குட்டி வயதில் செய்வதைவிட ரத்தப்போக்குக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதனால் முழு மயக்கம் கொடுத்து, அனுபவமுள்ளவர் செய்ய வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம். ஈ குறைவாக இருக்கிற குளிர் மாதம் நல்லது. செய்து முடித்த மறுநாளே சாதுவாகிவிடாது. ஹார்மோன் வற்ற வாரங்கள் ஆகும். ஆறு வாரமாவது பெட்டையோடு சேர்க்காதீர்கள். குணம் மாற இன்னும் சில மாதம் ஆகலாம். ஹார்மோனால் வந்த முரட்டுத்தனம் குறையும். கடித்தால் ஆள் விலகிவிடுகிறான் என்று கற்றுக்கொண்ட பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதற்குக் குதிரை தெரிந்த ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டும். நாள் முழுக்கத் தனியாகக் கட்டிப்போட்டு வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மந்தையில் வாழப் பிறந்த பிராணி அது, தனிமையிலேயே பாதிக் குதிரைகள் கெட்டுப்போகின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் அது ஆளைப் பார்த்தால் பாய்ந்து வருகிறது என்றால்? அப்போது நீங்கள் ஊசி கேட்டால் நான் போடுவேன். அதில் எனக்கு வெட்கமோ குற்ற உணர்வோ இருக்காது. உண்மையைச் சொல்லிக் கொடுத்தால் யாரும் வாங்கப் போவதில்லை. மறைத்துக் கொடுத்தால் அடுத்த தோள் எலும்போ மண்டையோ உடையும். அப்புறம் அந்தக் குதிரைக்கு விழுகிற அடியை நினைத்துப் பாருங்கள். கால்களைக் கட்டி, வாயைக் கட்டி, ஒரு கொட்டகையில் பதினைந்து வருடம் நிறுத்தி வைப்பதை நான் உயிர் காப்பாற்றியதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்போதும் தனியாக முடிவெடுக்க மாட்டேன். இன்னொரு டாக்டர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும். பின்னால் யார் கேட்டாலும் தாள் பேசும்.

வெள்ளைப் பெட்டை. அம்மாவின் அழுகை பெரும்பாலும் இவளுக்காகத்தான் என்று நினைக்கிறேன். நோயில்லை என்கிறீர்கள். 21 வயதில் நோயில்லை என்பதற்கு மேல் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தீவனத் தொட்டிக்கு அடியில், பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடக்கின்றனவா? கிடந்தால் அரைக்கப் பல் இல்லை என்று அர்த்தம். விலாவில் கையை வைத்துத் தடவுங்கள். எலும்பு கைக்கு லேசாகத் தெரியலாம், கண்ணுக்கே எண்ண வரக்கூடாது. ராத்திரி படுத்து எழுகிறாளா, எழும்போது எத்தனை தடவை தட்டுத் தடுமாறுகிறாள்? படுக்கவே பயந்து நின்றபடியே இருக்கிற கிழக் குதிரை ஒருநாள் நின்ற இடத்தில் மடிந்து விழும். இதற்கெல்லாம் நல்ல பதில் வந்தால், அவித்து மசித்த கொள்ளு, ஊறவைத்த தவிடு, பசும்புல் என்று கொடுத்து இன்னும் சில வருடம் நன்றாகவே ஓட்டலாம்.

இவளை லாரியில் ஏற்றித் தெரியாத இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். வயதான குதிரைக்கு இடம் மாறுவதே பெரிய அடி. தண்ணீர் குடிக்காது, தீவனம் மாறினால் வயிறு கட்டிக்கொள்ளும். செவலையோடு சேர்ந்து போக முடிந்தால் ஒரு மாதிரி. 'சும்மா கொடுக்கிறோம், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது பலர் செய்கிற காரியம். நிம்மதி அவர்களுக்கு. குதிரைக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். அப்பாவோடு இருந்த பெரியவர் இன்னும் வந்து தீவனம் போட்டுத் தண்ணி காட்டுகிறார் என்று. சம்பளம் கொடுக்கிறீர்களா? எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவரிடம் கேட்டீர்களா? ஒரு ஆள் காசு வாங்காமல் மாதக்கணக்கில் வந்து குதிரைக்குத் தண்ணி காட்டுகிறார் என்றால், அந்தக் குதிரைகளுக்கு உரிமைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் வீட்டுப் பக்கம் ஒரு கொட்டகை போட இடம் இருக்கிறதா, தீவனத்துக்கும் லாடத்துக்கும் மருந்துக்கும் மாதாமாதம் நீங்கள் பணம் அனுப்பினால் வெள்ளையை வைத்துக்கொள்வாரா என்று உட்கார்ந்து பேசுங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்த இன்னும் நாலு குதிரைக்காரர்கள் இருப்பார்கள். நீங்கள் தேடாத இடமெல்லாம் அவர் வாயில் இருக்கும். நீலகிரியில் மசினகுடிப் பக்கம் குதிரைகளையும் சேர்த்துக்கொள்கிற காப்பகம் இருக்கிறது. இடம் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், ஆனால் இடம் இல்லை என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். ஒருவேளை சேர்த்துக்கொண்டால் குதிரையோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்.

பணம் என்றதும் உங்கள் முகம் சுருங்குவது எனக்குத் தெரிகிறது. தங்கை கல்யாணம் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அந்த இடம் எந்தக் காசில் வாங்கினது? ஊர்வலம் போன காசில்தானே? 300 கிலோ குதிரை ஒன்று ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் ஆறு கிலோ சாப்பிடும், 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். இந்த விலைவாசியில் இதைப் பெருக்கிப் பாருங்கள். இடம் விற்கிற பணத்தில் அது ஒரு சின்ன மூலை. அதை ஒதுக்கி வைக்காமல் எங்களால் முடியவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இடம் வாங்குகிறவரிடம் லாயம் இருக்கிற மூலையை மட்டும் ஆறு மாதம் கழித்து ஒப்படைக்கிறேன் என்று பேசிப்பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எல்லா வழியும் அடைபட்டு, வெள்ளைக்கு லாரியா ஊசியா என்கிற நிலை வந்தால், ஊசி என்றுதான் சொல்வேன். அம்மா கேட்டால் நானே பேசுகிறேன். எப்படி நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதிப் பயம், அதனால் சொல்லிவிடுகிறேன். கல்லில்லாத, மண் இளகிய ஒரு சமதரையாகப் பார்த்து நிறுத்துவோம். முதலில் சைலசின் மாதிரி, மந்தமாக்குகிற ஒரு மருந்து. சில நிமிடத்தில் தலை தொங்கிவிடும், கீழ் உதடு தளரும். கழுத்து ரத்தக்குழாயில் ஏற்கெனவே குழல் போட்டு வைத்திருப்போம். அதன் வழியாக மயக்க மருந்தை மிக அதிக அளவில் வேகமாகச் செலுத்துவோம். ஒரு ஆழமான மூச்சு, முழங்கால் மடியும், விழும். விழுகிற எடை பெரியது. கயிறு பிடிக்கிறவர் தவிர எல்லாரும் தள்ளி நிற்க வேண்டும். விழும்போதே நினைவு போயிருக்கும். அதற்குப் பிறகும் கால் துடிக்கலாம், ரெண்டு மூன்று பெருமூச்சு வரலாம். பார்க்கிறவர்களுக்கு நினைவு இருக்கிற மாதிரி தெரியும், நினைவு இல்லை. கருவிழியைத் தொட்டு இமை அசையவில்லை என்று பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பல நிமிடம் கேட்டபிறகுதான் டாக்டர் எழுந்திருப்பார். மற்ற குதிரைகள் வந்து முகர்ந்து பார்க்க விடுங்கள். பார்க்காமல் துணை காணாமல் போனால் நாள்கணக்கில் கனைத்துத் தேடும். முகர்ந்துவிட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் விலகி மேயப் போய்விடும்.

குழியை முன்னாடியே ஜேசிபி வைத்துத் தோண்டிவிட வேண்டும், கிணற்றுக்கும் கண்மாய் வாய்க்காலுக்கும் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில். அந்த மருந்து உடலிலேயே தங்கும். தின்கிற நாய், காக்கை, பருந்து எல்லாம் சாகும். அதனால் ஆற்றோரமோ குப்பைமேடோ கூடவே கூடாது. பத்திரம் முடிந்தபிறகு அந்த மண்ணில் குழி வெட்ட வாங்கினவரின் சம்மதம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் இரண்டு வேலை போதும். பெரியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 1962 என்கிற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தோ, பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் சொல்லியோ கறுப்பின் வாயைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அரம் வைத்திருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா டாக்டரிடமும் குதிரை அரம் இருக்காது.